வாசலில் தொடங்கிய கோடு

பொய் வாடிக்கையாளராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ வயிற்றுப்பாட்டுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு கடைக்குப் போக வேண்டும், பொருள் வாங்க வந்தவள்போல நாலு கேள்வி கேட்க வேண்டும், விற்பனையாளர் எழுந்து வரவேற்றாரா, கேட்டதை எடுத்துக் காட்டினாரா, முகம் கொடுத்துப் பேசினாரா என்று பார்த்து வந்து எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புவது அந்தக் கடைக்கு அல்ல, கடையின் முதலாளிகள் அமர்த்தியிருக்கும் ஒரு கம்பெனிக்கு. எங்களுக்குள் இதை ‘ஆடிட்’ என்போம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் விசாரித்திருந்தால், நான் பெரிய கணக்குத் தணிக்கை செய்கிறவள் என்றே பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

ஒரு வாரம் மகள் கல்யாணத்துக்கு பீரோ பார்க்கும் அம்மா, அடுத்த வாரம் இடுப்பு வலிக்கு மெத்தை தேடும் டீச்சர். புடவையை மாற்றி, கொண்டையை மாற்றி, சமயத்தில் கண்ணாடியைக்கூட மாற்றிக்கொண்டு போவேன். என் கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். விடியுமுன் கம்பெனி வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு என் வேலை ஒரு வேடிக்கை. “இன்னிக்கு யாரு நீ?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

எங்கள் மகளுக்குப் பதினோரு வயது. என் நடிப்புக்கு முதல் ரசிகையும் அவள்தான், குறை சொல்பவளும் அவள்தான். கண்ணாடி முன் நின்று நான் ஒத்திகை பார்ப்பேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டுக் கடைக்காரராக உட்கார்ந்துகொள்வாள். நான் மெத்தையைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தலையணையைத் தட்டினால், “மம்மி, நெஜமா வாங்க வர்றவங்க மொதல்ல வெலையத்தான் பாப்பாங்க” என்பாள். சரியாகத்தான் இருக்கும். மறுநாள் முதலில் விலையைப் பார்ப்பேன்.

இந்த வேலையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் மாடிவீட்டு அக்கா. எங்களுடையது சந்தின் நடுவில் கீழ் ஒரு வீடு, மேல் ஒரு வீடு என்று கட்டிய சின்னக் கட்டடம். முன்னால் இரும்பு கேட், வாசலில் கிரில் கதவு. அக்கா எனக்கு முன்பே பல வருடமாக ஆடிட் போகிறவர், தொழில் நுணுக்கம் தெரிந்தவர். அவர்தான் என் போனில் அந்தச் செயலியை இறக்கிக் கொடுத்தார். நான் எங்கே இருக்கிறேன் என்பதை எப்போதும் தெரிந்துகொள்ள அனுமதி உண்டா என்று அது கேட்டது. எப்போதும் என்றால் தூங்கும்போதுமா என்று அக்காவிடம் கேட்டேன். நாம் உண்மையிலேயே கடைக்குப் போனோமா, வீட்டில் உட்கார்ந்து கதை எழுதினோமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார் அக்கா. நியாயமாகத்தான் பட்டது. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று சிரித்துக்கொண்டே விரலை வைத்தேன்.

இன்னொரு நுணுக்கமும் அக்கா சொன்னதுதான். செயலியில் ‘விசிட் தொடங்கு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. கடை வாசலில் நின்று அதை அழுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் கடை வாசலில் நின்று போனை நோண்டுகிற பெண்ணை விற்பனையாளர்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். ஆடிட் வருகிறது என்ற பேச்சு எப்படியோ கடைகளில் முன்கூட்டியே கசிந்துவிடும்; அவர்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். பிடிபட்டால் போனதெல்லாம் வீண், அறிக்கை செல்லாது. அதனால் எங்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே பொத்தானை அழுத்திவிட்டு, போனைக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு கடைக்குள் நுழைவோம். கம்பெனியும் கண்டுகொள்ளவில்லை. கிரில்லைப் பூட்டுவேன், பச்சைப் பொத்தானை அழுத்துவேன், ஸ்கூட்டரைக் கிளப்புவேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

கம்மனஹள்ளிப் பக்கம் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடை. பல இடங்களில் கிளைகள் உள்ள கடைதான். எனக்கு வந்த வேடம் சுலபம்: பழைய மிக்சி ரிப்பேர், புதிது பார்க்க வந்திருக்கிறேன். உள்ளே போனபோது மிக்சி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்தான். போனில் ஏதோ வீடியோ. நான் இரண்டு முறை கனைத்தேன். தலையை நிமிர்த்தவில்லை. எந்த மிக்சி இட்லி மாவுக்குத் தாங்கும் என்று கேட்டேன். எல்லாம் அட்டையிலேயே எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனிடமே சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வேடத்தை மறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வாயை அடக்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கோபத்தையெல்லாம் அறிக்கையில் இறக்கினேன். வர்ணனை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முப்பது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய முடி, இடது கையில் சிவப்புக் கயிறு, சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது என்று ஆளை உரித்து வைத்தேன். அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம். வழக்கம்போல நான் வேறொரு கடை முடித்துவிட்டு வீடு திரும்பினேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்து, தன் சாவியால் திறந்து, உள்ளிருந்து கிரில்லைப் பூட்டிக்கொண்டு, நான் வரும்வரை தனியாக இருப்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான். காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“மம்மி, ஒரு அண்ணா வந்தாரு. மிக்சி பாத்துட்டு வாங்காமப் போயிட்டீங்களாமே, ஏன்னு கேட்டாரு.”

காபி கையில் கொட்டியது எனக்குத் தெரியவே இல்லை. எங்கள் வீட்டு மிக்சி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் மிக்சி பார்த்தது என் கணவருக்குக்கூடத் தெரியாது. அந்தக் கடையில் என் பெயரையோ போன் நம்பரையோ நான் கொடுக்கவில்லை.

எப்படி இருந்தார் என்று கேட்டேன். சாதாரணமாத்தான் இருந்தாரு, கேட் ஓரத்தில் நின்று பேசினாரு, கையில் சிவப்புக் கயிறு என்றாள். கதவைத் திறந்தாயா என்றேன். இல்லை என்றாள், கிரில்லுக்கு உள்ளே நின்றுதான் பேசினாளாம். மம்மி எப்போ வருவாங்க என்று கேட்டானாம். வேலைக்குப் போயிருக்காங்க, அஞ்சு மணி ஆகும் என்று சொன்னாளாம். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்த பிள்ளை, வேறு என்ன சொல்வாள்?

அப்போது எனக்கு வந்த பயத்தைப் பயம் என்று சொன்னால் போதாது. எழுந்து போய் கிரில்லை இன்னொரு முறை பூட்டினேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்தேன். சன்னல்களையெல்லாம் சாத்தினேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா மம்மி என்று கேட்டாள். இல்லடா கண்ணு என்றேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் ஆங்கிலத்தில் தேன் ஒழுகப் பேசினாள். நான் நடந்ததைச் சொன்னதும் என் அறிக்கையைத் தேடி எடுத்தாள். அந்தக் கடை என் அறிக்கையை ஏற்கவில்லையாம். அப்படி ஒரு வாடிக்கையாளர் வரவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று கடையின் மேனேஜர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அதனால் நான் போனதற்கான ஆதாரத்தை அனுப்பியிருக்கிறார்கள். என்ன ஆதாரம் என்றேன். பயப்பட ஒன்றுமில்லை, பெயர் இல்லை, நம்பர் இல்லை, போட்டோவும் இல்லை, ஒரு மேப் மட்டும்தான் என்றாள். எனக்கு நிம்மதி வரட்டும் என்று அதே படத்தை என் போனுக்கும் அனுப்பிவைத்தாள்.

திறந்து பார்த்தேன். நீலக் கோடு. கம்மனஹள்ளியில், கடையின் மேல், ஒரு சிவப்புப் புள்ளியில் முடிகிறது. அங்கிருந்து பின்னோக்கி விரலை ஓட்டினேன். மெயின் ரோடு, ரயில்வே கேட், மேம்பாலம், சர்ச், பேக்கரி, எங்கள் சந்து. கோடு தொடங்கும் பச்சைப் புள்ளி எங்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

பெயர் இல்லையாம். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பெங்களூரில் என் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தப் புள்ளியில் நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம்.

அவளிடம் கத்தினேன். அவள் குரல் மாறவே இல்லை. கடை வாசலில்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறதே, வீட்டிலிருந்து அழுத்தினால் வீட்டிலிருந்துதானே கோடு வரும் என்றாள். பிறகு ஏதோ பரிவில், நான் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளலாமே, இப்போது வீட்டில்தானே இருக்கிறேன் என்றாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆப்பில் தெரிகிறது மேடம் என்றாள். போனைச் சூடுபட்டதுபோல மேசைமேல் வைத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் கதை என் கதை. அதுவும் எத்தனை நாளாக மடியிலேயே படுத்திருந்திருக்கிறது.

மாடிவீட்டு அக்காவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “என் தலைக்கு மேலயும்தானே வெச்சிருக்கான் புள்ளிய” என்றார். அவர் என்னைவிட எத்தனையோ மடங்கு கடைகளுக்குப் போனவர். எத்தனை கோடுகள் இந்தக் கூரையிலிருந்து கிளம்பி எந்தெந்தக் கடைகளுக்குப் போயிருக்கின்றனவோ, எத்தனை மேனேஜர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்களோ. அக்கா அன்றைக்கே செயலியை அழித்தார். நானும் அழித்தேன். இனி பள்ளி விட்டால் குழந்தை நேராக மாடிக்கு வந்துவிடட்டும், நான் வெளியே போகமாட்டேன் என்றார் அக்கா.

என் கணவர் கேட்டதும் முதலில் என்னைத்தான் திட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயே என்றார். அவர் தொழிற்சாலையில் போனை உள்ளேயே விடமாட்டார்கள், வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறார். அன்று, அதுதான் நல்லது என்றார். திட்டித் தீர்ந்ததும் எழுந்து போய் மகள் தூங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சும்மா நின்றார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது, அதில் என் பயம் இரட்டிப்பானது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு இருவரும் போனோம். எழுதிக்கொள்பவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார், உட்காரச் சொன்னார். என் கணவருக்குக் கன்னடம் சரளம். அவர்தான் எல்லாம் சொன்னார். எழுதிக்கொள்பவர் பேனாவைத் திறக்கவில்லை.

“ஏனு மாடிதா அவனு?” என்று கேட்டார். அவன் செய்தது என்ன?

மிக்சி ஏன் வாங்கவில்லை என்று கேட்டான் என்றார் என் கணவர். சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வீட்டுக்குள் வரவில்லை, மிரட்டவில்லை, கையை நீட்டவில்லை. மறுபடி வந்தால் போன் செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியில் வந்து யோசித்தபோது எனக்கே அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் மனுஷியாக இல்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், யார் வந்தாலும் முதலில் கையைப் பார்த்தேன். இந்த ஊரில் கையில் கயிறு கட்டாத ஆண்பிள்ளை எத்தனை பேர்? சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று ஆளுக்கொன்று. சந்தில் பைக் சத்தம் நின்றால் என் மூச்சும் நின்றது. ஸ்கூட்டரை வெளியே விடாமல் மாடிப்படிக்குக் கீழே தள்ளி, மேலே பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். மடியில் கனமில்லை என்று சொன்ன வாயை நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது. பதினோரு வயதுக் கனம் அல்லவா இருந்தது.

அவனை மறுபடி நான்தான் பார்த்தேன். சந்து முனையில் பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றான், கக்கத்தில் ஹெல்மெட். பள்ளி விடுகிற நேரம். மகள் அந்த வழியாகத்தான் வர வேண்டும். திரும்பி வீட்டுக்கு ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் நான் ஓடினால் அவள் அவனைத் தாண்டி வருவாளே. கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே அவன் முன்னால் போய் நின்றேன். வேடமில்லாமல் ஒரு விற்பனையாளர் முன் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

எதற்கு என் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டேன். பேக்கரிக்காரர் காதில் விழட்டும் என்று சத்தமாகக் கேட்க நினைத்தேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான். தமிழ்ப் பையன்தான், மர்பி டவுன் பக்கம் வீடாம். அங்கே வேலை போய்விட்டது, இப்போது வேறு கடை என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“சும்மா பாக்கத்தான் மேடம் வந்தேன். நீங்க கடைக்கு வந்தது எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா மேனேஜர் காட்டின ரிப்போர்ட்ல என்னப் பத்தி கைக்கயிறு மொதக்கொண்டு எழுதியிருக்கீங்க. யாரு நம்மள இவ்ளோ பாத்தாங்கன்னு ஒரு தடவ பாக்கணும்போல இருந்துச்சு.”

மேப் உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் தனியாகக் கொடுக்கவில்லை என்று தன் போனைத் திறந்து நீட்டினான். கடை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழு. அவனை இன்னும் அதிலிருந்து எடுக்க மறந்திருந்தார்கள். மேனேஜர் அந்தப் படத்தைப் போட்டு, இனி இந்த ஏரியாவிலிருந்து வரும் பெண் வாடிக்கையாளர்களிடம் எல்லாரும் உஷாராக இருக்கவும் என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவன், அட்ரஸ் கிடைத்துவிட்டது, டெலிவரிக்கு யார் போவது என்று கேட்டிருந்தான். அதற்கு நான் நான் என்று பலர் பதில் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக் கூரை. அதன்மேல் பச்சைப் புள்ளி. அதன் கீழே அவ்வளவு சிரிப்பு.

இத்தனை நாளும் ஒருவனுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவன் முகம் தெரியும், கயிறு தெரியும். இவர்களில் யாரை எனக்குத் தெரியும்? குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். “எல்லா பிராஞ்சும் இருக்கு மேடம்” என்றான். அழித்துவிடு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். என் கண் முன்னாலேயே அழித்தான். பிறகு, என்னுடையதை அழித்துவிட்டேன், மற்றவர்கள் போனில் இருப்பதை நான் எப்படி அழிப்பது என்று கேட்டான். உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்பவன்போல இருந்தது.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்த்து ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பைக்கை உதைக்குமுன் திரும்பினான்.

“பயப்படாதீங்க மேடம். பாப்பா சாயங்காலத்துல தனியா இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லல.”

ஆறுதலாகத்தான் சொன்னான், நான் சத்தியம் பண்ணுவேன். நான் பேக்கரிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பேக்கரிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். சுகர் இருக்கா அம்மா என்று கேட்டார். இல்லாத சுகருக்குத் தலையாட்டினேன்.

கம்பெனிக்கு எழுதினேன். புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. என் பழைய கோடுகளை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர்களுடைய விதிப்படி சில காலம் வைத்திருந்தாக வேண்டுமாம். எந்த விதி, எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அதே பதிலை மறுபடி அனுப்பினார்கள். கடையின் தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன், பதிலே இல்லை. வீட்டை மாற்றிவிடலாம் என்றார் என் கணவர். லீஸ் முடிய இன்னும் காலம் இருக்கிறது, வீட்டுக்காரர் இடையில் விடமாட்டார். மகளின் பள்ளிக்கூடமும் இங்கேதான். அதைப் பற்றிச் சமையலறையில் நின்று தாழ்ந்த குரலில் பல நாள் பேசினோம். பேசுவதோடு சரி, இன்றுவரை அதே வீட்டில்தான் இருக்கிறோம். அதே கூரை.

மகளிடம் நாங்கள் எதையும் விளக்கவில்லை. யாராவது வந்தால் பேசாதே, நேராக மாடிக்குப் போ, அவ்வளவுதான். மேப், குழு, டெலிவரி எதுவும் அவள் காதுக்குப் போகக் கூடாது என்று கவனமாக இருந்தோம். அவளும் கேட்கவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மாடியில் அக்காவோடு துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பள்ளி விடுகிற நேரத்தில் நான் வீட்டில்தான். சந்து முனையில் மகள் வருவது தெரிந்தது, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். கூப்பிட வாயெடுத்தேன். அவள் எங்கள் கேட்டுக்கு வந்தாள். நிற்கவில்லை. தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், யாரோ வீட்டைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தின் கடைசியில் பூட்டிக் கிடக்கும் கடைப்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, குனிந்து ஷூ லேஸ் கட்டினாள். கட்டிக்கொண்டே கைக்கு அடியால் வந்த வழியைப் பார்த்தாள். அவசரமே இல்லை. சந்து காலியாகத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்து, நிதானமாகத் திரும்பி வந்து, எங்கள் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

படியில் இறங்கி ஓடினேன். ஏன் தாண்டிப் போனாய் என்று கேட்டேன். யாரும் பின்னாடி வரலன்னு தெரிஞ்ச அப்புறம்தான் உள்ள வருவேன் என்றாள், பல் தேய்த்த பிறகுதான் சாப்பிடுவேன் என்பதுபோல. எத்தனை நாளாக என்று கேட்டேன். ரொம்ப நாளாத்தான் என்றாள். லேஸ் அவிழ்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் காலையில் நான் போட்டுவிட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“லேஸ் நல்லாத்தான் இருக்கு மம்மி. சும்மா கட்ற மாதிரி” என்றாள். “நீ கடையில பண்ணுவியே, அந்த மாதிரி.”

சரியாகச் செய்தேனா என்று கேட்பவள்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முதுகிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கிரில்லைப் பூட்டினேன்.